தப்பு விடைக்கும் ஒரு கணக்கு இருக்கு!

முதலில் ஒரு சின்னக் கேள்வி.

ஆவடியில் காலை 8.45க்குக் கிளம்பும் மின்சார ரயில், சென்ட்ரலுக்கு 9.30க்குப் போய்ச் சேருகிறது. பயண நேரம் எத்தனை நிமிடம்?

அ) 15   ஆ) 45   இ) 75   ஈ) 85

விடை 45. அதில் பேச ஒன்றும் இல்லை. பேச வேண்டியது மற்ற மூன்றைப் பற்றித்தான்.

85 என்று குறித்த பையன், 9.30லிருந்து 8.45ஐ ரூபாய் பைசா மாதிரி கழித்திருக்கிறான். அவன் கணக்கில் ஒரு மணிக்கு நூறு நிமிடம். 75 என்று குறித்த பெண், மணியைத் தனியாக, நிமிடத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு, இரண்டிலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள். 9ல் 8 போனால் 1 மணி, 45ல் 30 போனால் 15 நிமிடம், ஆக ஒன்றே கால் மணி நேரம். 15 என்று குறித்தவனோ மணியைக் கண்டுகொள்ளவே இல்லை. நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

மூன்று பேருக்கும் பேப்பரில் கிடைப்பது ஒரே சைபர். மூன்று பேருக்கும் வீட்டில் விழுவது ஒரே திட்டு. ஆனால் மூன்று பேருடைய சிக்கலும் ஒன்றில்லை. முதல் பையனுக்குக் கடிகாரத்தைக் காட்ட வேண்டும். அந்தப் பெண்ணுக்குக் கழித்தல் என்றால் என்ன என்பதையே மறுபடி சொல்லித்தர வேண்டும். மூன்றாமவனுக்குக் கேள்வியை இன்னொரு முறை நிதானமாகப் படி என்று சொன்னாலே போதுமாக இருக்கலாம். மூன்று பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து "இதே கணக்கைப் பத்து தடவை போடு" என்று சொன்னால் என்ன ஆகும்? ஒவ்வொருவரும் தங்கள் தப்பைப் பத்து தடவை பழகிக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

மார்க் என்பது எத்தனை தப்பு என்று சொல்லும். ஏன் தப்பு என்று சொல்லாது. இணையவழி வினாடி வினா என்ற பெயரில் இன்று பள்ளிக்கூடங்களிலும் டியூஷன் சென்டர்களிலும் நடப்பதில் பெரும்பகுதி, இந்த முதல் வேலையை வேகமாகச் செய்வதோடு நின்றுவிடுகிறது. இரண்டாவது வேலையைச் செய்யத்தான் அதற்கு உண்மையான பலம் இருக்கிறது.

கணக்குப்பிள்ளைகளுக்குத் தெரிந்த ரகசியம்

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். இருப்பாய்வு டேலி ஆகவில்லை என்றால் அனுபவசாலிகள் முதலில் என்ன செய்வார்கள்? புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டமாட்டார்கள். வித்தியாசத்தைப் பார்ப்பார்கள். வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கேயோ இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகம் வரும். 63க்குப் பதில் 36 என்று எழுதினால் வித்தியாசம் 27. 540க்குப் பதில் 450 என்றால் 90. எந்த இரண்டு பக்கத்து இலக்கங்களை மாற்றிப் போட்டாலும் வித்தியாசம் 9இன் மடங்காகத்தான் வரும். அதேபோல, பற்றில் போக வேண்டியது வரவில் போயிருந்தால் வித்தியாசம் அந்தத் தொகையைப்போல இரண்டு மடங்காக நிற்கும். பாதியாக்கிப் பார்த்துத் தேடினால் ஆள் அகப்பட்டுவிடுவார்.

அதாவது, தப்பு தன் கால்தடத்தை விட்டுவிட்டுத்தான் போகிறது. அதைப் படிக்கத் தெரிந்தவனுக்கு வேலை பாதி முடிந்தது. லெட்ஜரில் இத்தனை மரியாதை கொடுக்கப்படும் தப்புக்கு, ஆறாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டில் மட்டும் ஏன் ஒரு சிவப்புப் பெருக்கல் குறியோடு கதை முடிந்துவிடுகிறது?

இது புது யோசனையும் இல்லை. பி.எட். பாடத்தில் இதற்குக் 'குறையறி சோதனை' என்றே பெயர். அதற்குப் பின்னால் வருவது 'குறைதீர் கற்பித்தல்'. அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் 1978இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, குழந்தைகளின் கழித்தல் தப்புகளைக் கம்ப்யூட்டர் நிரலில் வரும் 'பக்' மாதிரி பார்த்தது. 305லிருந்து 128ஐக் கழி என்றால் சரியான விடை 177. ஒரு குழந்தை 223 என்று எழுதுகிறது. கவனக்குறைவு என்று தோன்றும். ஆனால் இலக்கம் இலக்கமாகப் பாருங்கள். 5க்கும் 8க்கும் வித்தியாசம் 3, 0க்கும் 2க்கும் 2, 3க்கும் 1க்கும் 2. அந்தக் குழந்தை ஒரு விதியைப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறது. விதிதான் தப்பு, குழந்தையின் கவனம் அல்ல! நம் ரயில் கணக்கில் 75 என்று குறித்த பெண் செய்ததும் இதேதான்.

சரியான விடையும் ஏமாற்றும்

இன்னொரு வேடிக்கை இருக்கிறது. தப்பான யோசனையிலிருந்து சரியான விடையும் வரும்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கே ஸ்டேசி, விக்கி ஸ்டைன்லி ஆகியோர் தசம எண்களைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 4.63, 4.8 இரண்டில் எது பெரியது என்று கேட்டால், சில பிள்ளைகள் 4.63 என்பார்கள். 63 பெரியது, 8 சிறியது என்பது அவர்கள் நியாயம். 'நீளமானது பெரியது' என்ற கட்சி இது. இதற்கு நேர் எதிர்க்கட்சியும் உண்டு. புள்ளிக்குப் பின்னால் இலக்கம் கூடக்கூட எண் சிறுத்துக்கொண்டே போகும் என்று நம்பும் பிள்ளைகள் அவர்கள். இந்தக் கட்சிக்காரப் பிள்ளை 4.8தான் பெரியது என்று சொல்லி முழு மார்க் வாங்கிவிடும்! டீச்சர் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். 4.75, 4.3 என்று மாற்றிக் கேட்டிருந்தால் அது 4.3 என்று சொல்லி மாட்டியிருக்கும். அங்கே முதல் கட்சிக்காரப் பிள்ளை தப்பித்திருக்கும்.

ஆகவே, எந்த இரண்டு எண்களைக் கேட்கிறோம் என்பதிலேயே பாதி வித்தை இருக்கிறது. இந்த ஆய்விலிருந்துதான் மெல்போர்னில், பிள்ளைகளின் யோசனையை வெளிக்கொண்டுவரும் இணையவழிச் சிறு சோதனைகள் உருவாயின. பிள்ளை பதில் சொல்லி முடித்ததும் ஆசிரியருக்கு மார்க் மட்டும் போகாது. இந்தப் பிள்ளை தசமத்தைப் பற்றி இப்படி நினைக்கிறது, அடுத்து இதைச் செய்து பாருங்கள் என்ற குறிப்பும் போகும்.

நம் ஊர்ப் பெட்டிக்கடைக்கு வந்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். 1.25 லிட்டர் கூல் டிரிங்க்ஸ் பாட்டிலையும் 1.5 லிட்டர் பாட்டிலையும் பக்கத்தில் வைத்தால், எது பெரியது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சரியாகக் கை காட்டும். அதே பிள்ளை ஆறாம் வகுப்பில் பேப்பரில் 1.25 பெரியது என்று எழுதும். அறிவு இல்லாமல் இல்லை. கடையில் இருந்த அறிவுக்கும் நோட்டில் இருக்கும் எண்ணுக்கும் நடுவில் பாலம் இல்லை. எங்கே பாலம் உடைந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் குறையறி வினாவின் வேலை.

இங்கே என்ன நடக்கிறது?

2011 டிசம்பரில் பீசா தேர்வின் கூடுதல் சுற்று முடிவுகள் வந்தன. இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும்தான் கலந்துகொண்டிருந்தன. கணிதத்தில் தமிழ்நாட்டின் சராசரி 351. வளர்ந்த நாடுகளின் சராசரி 496. பட்டியலில் கடைசி வரிசை. பெரிய அதிர்ச்சி, பத்திரிகைகளில் சில நாள் பரபரப்பு, பிறகு அமைதி. அந்த 351 என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஒரு கணக்கு டீச்சர் மறுநாள் காலை வகுப்பில் என்ன செய்ய முடியும்? ஒன்றுமே செய்ய முடியாது. எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்தது. ஏன் அங்கே நிற்கிறோம் என்பது தெரியவில்லை.

அதற்குப் பிறகு நிலைமை மாறியிருக்கிறது, மறுக்க முடியாது. கொரோனா விடுமுறையின் இழப்பைச் சரிசெய்ய வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை முதலமைச்சர் 2022 ஜூன் 13 அன்று தொடங்கிவைத்தது இதே திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கம் அரசுப் பள்ளியில்தான். 1 முதல் 3 வரை உள்ள வகுப்புகளில் பிள்ளைகளை வயதை வைத்துப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது அதன் அடிப்படை. அடுத்த ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கும் நீண்டது. 2025-26இல் 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளுக்கு 'திறன்' என்ற திட்டம் வந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் கம்ப்யூட்டரில் வினாக்களுக்கு விடை சொல்கிறார்கள். ஆக, கருவி இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பிள்ளை இருக்கும் இடத்திலிருந்து ஆரம்பித்தால் பலன் உண்டு என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. டெல்லியில் 2015-16இல், அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 619 பேரை வைத்து, 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருளைப் பற்றிக் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட மூன்று பொருளாதார அறிஞர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். 2019இல் அது வெளியானது. ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது அதில் தெரிந்தது. மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையையும் அதன் நிலையிலேயே பிடித்து, அங்கிருந்து மேலே கொண்டுபோனது. நாலரை மாதத்தில் கணக்கில் நல்ல முன்னேற்றம். கம்ப்யூட்டரில் பாதி நேரம், சிறு குழுவாக ஆசிரியரிடம் மீதி நேரம் என்றுதான் அந்த வகுப்பு நடந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஆனால் 'நிலை' வேறு, 'காரணம்' வேறு. ஒரு பிள்ளை மொட்டு நிலையில் இருக்கிறது என்பது அது எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்கிறது. அடுத்த படியில் கால் வைக்க விடாமல் தடுப்பது எது என்று சொல்வதில்லை. மொட்டு நிலையில் இருக்கும் பத்துப் பிள்ளைகள் பத்து விதமாக மாட்டிக்கொண்டு இருக்கலாம். இந்தத் திட்டங்கள் எடுத்துவைக்க வேண்டிய அடுத்த அடி இதுதான்.

மொழிபெயர்த்தால் போதாது

குறையறி வினாவில் உயிர் இருப்பது கேள்வியில் இல்லை, தப்பான தெரிவுகளில். இங்கிலாந்தில் கிரேக் பார்ட்டன் என்ற கணக்கு ஆசிரியர் நான்கே தெரிவுகள் கொண்ட இத்தகைய வினாக்களைப் பெரிய அளவில் இணையத்தில் சேர்த்தார். ஒரு தெரிவு சரி. மற்ற மூன்றும் மூன்று வேறு வேறு குழப்பங்களைக் காட்டிக்கொடுக்க வேண்டும். வாய்க்கு வந்த மூன்று எண்களைப் போட்டு நிரப்பினால் அது குறையறி வினா இல்லை, வெறும் லாட்டரி.

அப்படியானால் அவற்றை அப்படியே தமிழாக்கி அம்பத்தூரில் கொடுத்துவிடலாமா? பாதிதான் உதவும். ஏனென்றால் குழப்பத்துக்கும் மொழி உண்டு.

தமிழில் 90ஐ எப்படிச் சொல்கிறோம்? எண்பது வரை எல்லாம் 'பது' என்று முடிகிறது. அடுத்ததில் திடீரென்று 'தொண்ணூறு'! உள்ளே நூறு ஒளிந்திருக்கிறது. 900க்குப் போனால் 'தொள்ளாயிரம்'. உள்ளே ஆயிரம். புதிதாக எண் கற்கும் பிள்ளை, தொண்ணூற்று ஐந்து என்று காதில் கேட்டதும் 105 என்று எழுதினால் அதில் ஒரு நியாயம் இருக்கிறதா இல்லையா? முந்நூற்று ஐந்து என்றால் முதலில் 300, பிறகு 5, ஆக 3005 என்று எழுதும் பிள்ளையும் காதில் கேட்டதைத்தான் எழுதுகிறது. லண்டனிலோ மெல்போர்னிலோ எழுதிய வினாவில் தொண்ணூறுக்கான பொறி இருக்காது. இங்கே உள்ளவர்கள்தான் வைக்க வேண்டும்.

இந்த மேற்குப் பக்கத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டை நம்பியும், பூந்தமல்லி பக்கத்துக் கட்டட வேலைகளை நம்பியும் வட மாநிலங்களிலிருந்து குடும்பங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளால் பல மாநிலத்தவர் பல காலமாக இருக்கிறார்கள். இந்தியில் 29க்கு 'உன்தீஸ்'. முப்பதுக்கு ஒன்று குறை என்ற அர்த்தம். இந்தியில் எண்ணப் பழகி, தமிழ் வழியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒரு வார்த்தைக் கணக்கில் தப்பு செய்தால், அது கணக்குத் தப்பா, மொழித் தப்பா? அதே கணக்கை வார்த்தை இல்லாமல், வெறும் எண்ணாக இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அதில் சரியாகச் செய்தால் பிள்ளைக்குக் கணக்கு வருகிறது, தமிழ்தான் இன்னும் வரவில்லை. கம்ப்யூட்டருக்கு இப்படி இரண்டு கேள்வியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒரு நொடி வேலை. மார்க் பட்டியலைப் பார்த்து "கணக்கில் வீக்" என்று முத்திரை குத்துவதும் ஒரு நொடி வேலைதான். எது அந்தப் பிள்ளைக்கு நல்லது?

சில நியாயமான சந்தேகங்கள்

நாலு தெரிவு கொடுத்தால் குருட்டாம்போக்கில் அடிக்கமாட்டார்களா? அடிப்பார்கள். ஒரே கேள்வியை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பது அதனால்தான். ஒரே குழப்பத்தைச் சோதிக்கும் மூன்று கேள்விகளைக் கலந்து வையுங்கள். ஒரு பிள்ளை மூன்றிலும் அந்தக் குறிப்பிட்ட குழப்பத்துக்குரிய விடையையே குருட்டாம்போக்கில் தொடுவதற்கு வாய்ப்பு 64இல் ஒன்று. மூன்று தடவையும் அதே இடத்தில் விழுந்தால், அது குருட்டு அதிர்ஷ்டம் இல்லை, நம்பிக்கை.

எல்லார் வீட்டிலும் போன், நெட் இருக்கிறதா? இல்லை. வீட்டுக்கு அனுப்பவே தேவையில்லை. லேபில் பத்து நிமிடம் போதும். லேபும் இல்லையா? கேள்வியைப் போர்டில் எழுதி, விடைக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விரலை நெஞ்சோடு ஒட்டிக் காட்டச் சொன்னாலே வகுப்பு முழுவதையும் ஒரே பார்வையில் படித்துவிடலாம்.

ஆசிரியர்களுக்கு நேரம் எங்கே? இது ரொம்பவே நியாயமான கேள்வி. ஏற்கெனவே ஆன்லைன் பதிவேற்ற வேலைகள் கற்பிக்கும் நேரத்தைத் தின்கின்றன என்று ஆசிரியர் சங்கங்கள் பல முறை குறைசொல்லிவிட்டன. கம்ப்யூட்டர் வந்ததே விடைகளைத் தரம் பிரிக்கும் சலிப்பான வேலையை அது எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான். ஆசிரியர் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையின் விவரத்தையும் ஆப்பில் ஏற்றிக்கொண்டிருந்தால், எஜமான் யார், வேலைக்காரன் யார் என்றே தெரியாமல் போய்விடும்.

கடைசியாக, கம்ப்யூட்டரால் ஒரு பிள்ளையின் மனதைப் படிக்க முடியுமா? முழுக்க முடியாது. "இதை எப்படிப் போட்டே, சொல்லு" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் யாரிடம், எதைப் பற்றி அப்படிக் கேட்பது என்று வினாடி வினா சொல்லும். அது மருத்துவர் இல்லை, தெர்மாமீட்டர்.

மார்க் போட்டால் செத்தது

இத்தனையும் ஒரே ஒரு காரியத்தால் வீணாகிவிடும். குறையறி வினாவுக்கு மார்க் போட்டால்!

மார்க் என்று வந்த நிமிடத்தில் பிள்ளை பக்கத்து ஸ்கிரீனைப் பார்க்கும். பள்ளிக்கூடம் ரேங்க் போடும். வாட்ஸ்அப் குரூப்பில் பட்டியல் வரும். பக்கத்துப் பள்ளியோடு ஒப்பிட்டு மேலிடத்திலிருந்து போன் வரும். அடுத்த தடவை, விடைகளைப் போர்டில் எழுதிப்போட்டாவது சராசரியை ஏற்றத் தோன்றும். அதன் பிறகு கம்ப்யூட்டரில் சேர்வது பிள்ளைகளின் யோசனை இல்லை, பெரியவர்களின் பயம். தன் தப்பை ஒளிக்காமல் காட்டுவதற்குப் பிள்ளைக்குத் தைரியம் வர வேண்டும் என்றால், அந்தத் தப்பால் ஒரு நஷ்டமும் வராது என்று அதற்குத் தெரிய வேண்டும். டாக்டரிடம் காய்ச்சல் இருக்கிறது என்று சொன்னால் அபராதம் என்றால், யார் சொல்வார்கள்?

ஆகவே சட்டம் எளிமையானது. ஒரு பாடத்தைத் தொடங்கும் முன் ஐந்து கேள்வி, பத்து நிமிடம். மார்க் கிடையாது, ரேங்க் கிடையாது, பெற்றோருக்கு மெசேஜ் கிடையாது, ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குக் காட்டும் கோப்பும் கிடையாது. அறிக்கை அந்த வகுப்பு ஆசிரியருக்கு மட்டும். அதிலும் சராசரி வேண்டாம். 85 என்று சொன்னவர்கள் யார் யார், 75 என்று சொன்னவர்கள் யார் யார் என்ற பெயர்ப் பட்டியல் போதும். மறுநாள் முதல் குழுவிடம் கடிகாரத்தைக் கொடுக்கலாம். இரண்டாவது குழுவுக்கு, கழிப்பதை விட்டுவிட்டு முன்னால் எண்ணக் கற்றுக்கொடுக்கலாம். 8.45லிருந்து 9 வரை 15, அங்கிருந்து 9.30 வரை 30, மொத்தம் 45. பிளாட்பாரத்தில் நிற்கிறவர்கள் எல்லாரும் மனதுக்குள் அப்படித்தானே போடுகிறார்கள்?

இதில் போனால் என்ன, வந்தால் என்ன என்று நினைக்க வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. அது நல்ல விஷயம்தான். ஆனால் மூன்றாம் வகுப்பில் பிடித்த தப்பான விதி, யாரும் தொடாவிட்டால், பிள்ளையோடு சேர்ந்து அதுவும் பாஸாகிக்கொண்டே வரும். ஒன்பதில் இயற்கணிதம் வரும்போது அடித்தளம் ஆடும். பத்தில் 35க்கு மூச்சு முட்டும். பிறகு "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லிக்கொண்டே கணக்கு இல்லாத குரூப்பைத் தேடும். அப்படித் தப்பித்து ஓடி பி.காமில் வந்து சேர்ந்தவர்களை வணிகப் புள்ளியியல் வாசலில் நின்று வரவேற்கும் கதை எல்லாக் கல்லூரியிலும் உண்டு. அவர்களில் எத்தனை பேருக்கு நிஜமாகவே கணக்கு வராது? எத்தனை பேருக்கு, மூன்றாம் வகுப்பில் 223 என்று எழுதியபோது ஏன் என்று கேட்க ஆள் இல்லை?

இந்தப் பக்கத்துக் கல்லூரி மாணவர்களில் பலர் சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார்கள். அவர்களுக்கு அரசாணையும் வேண்டாம், ஹைடெக் லேபும் வேண்டாம். பிள்ளைகளின் பழைய நோட்டைப் புரட்டித் தப்பு விடைகளைச் சேகரித்தாலே நல்ல தெரிவுகள் கிடைத்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் கூகுள் படிவத்தில் ஐந்து கேள்வி போட அரை மணி நேரம் ஆகும். சிவப்புப் பேனாவைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் அந்தத் தப்பு விடையையே உற்றுப் பாருங்கள். அதை எழுதிய பிள்ளை ஏதோ ஒரு கணக்குப் போட்டுத்தான் எழுதியிருக்கிறது.